கந்தக அறையில் ஒரு ரோஜா

கந்தகம் எரிந்த அறைக்குள் ஆசையாகத் தலையை நுழைக்கிற ஒரே மனுஷி எங்கள் பள்ளத்தாக்கில் நோட்டர் அம்மாதான். அன்று சனிக்கிழமை காலை, தலையை வெளியே எடுத்ததும் என்னைப் பார்த்தார்.

"உள்ள போய் மூச்சை இழுத்துப் பாருய்யா."

"எனக்குப் பெண்டாட்டி இருக்கா அம்மா."

"அதனாலதான் உன்னைச் சொல்றேன். மூச்சுமுட்டிப் பழகினவன் நீதான்."

போனேன். இழுத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மா ஒரு காய்ந்த பேரிக்காய்த் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இப்பவே இப்படின்னா, நேத்து சாயங்காலம் கந்தகம் எரியறப்ப எப்படி இருந்திருக்கும்?" என்றார். அந்தத் தகவலுக்காக என் நுரையீரல் செலவானது.

நான் லியோன்ஸ் ஹுவீலர். ஸ்ட்ரேபல் கம்பெனியின் வைக்கோலை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பெண்கள் பின்னி வைத்ததை வாங்கி வருவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் நோட்டர் அம்மாவுக்கு வண்டி ஓட்டுகிறேன். அவர் கணவர் நோட்டர் எங்கள் பகுதிக் காவலராக இருந்தவர். அவர் செத்த பிறகு புதுக் காவலரை அனுப்ப மாகாணம் மறந்துவிட்டது. அம்மா நினைவுபடுத்தவில்லை. கணவரின் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். கோட்டுக்கு இருந்த மரியாதை அப்படியே இவருக்கும் வந்துவிட்டது. எட்டு வருஷமாகிறது, சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை.

திருட்டுப் போனது ஒரு ரோஜா. பாரிஸில் சீமாட்டிகள் தொப்பியில் செருகிக்கொள்ளும் வைக்கோல் ரோஜா. மயிரிழையாகக் கீறிய வைக்கோல் தாளை முறுக்கி, தட்டையாக்கி, இதழ் இதழாக அடுக்கிச் செய்தது. செய்தவள் அப்பொலோனியா. ஊரில் பிளோனி. திங்கள் மத்தியானம் பாரிஸ் வியாபாரி தபால் வண்டியில் வந்து இறங்குவார். அவருக்குக் காட்ட அந்த ஒரு ரோஜாதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதைக் கடைசி வெளுப்புக்காகக் கந்தக அறையில் தொங்கவிட்டார்கள். இரும்புச் சட்டியில் கந்தகத்தைக் கொளுத்தி, கதவைச் சாத்தினார்கள். சனி காலையில் திறந்தால் சாதாரணப் பின்னல்கள் எல்லாம் கொக்கியில் பத்திரமாக இருந்தன. ரோஜா இல்லை.

"பூட்டு?" என்று அம்மா கேட்டார்.

"பூட்டு எதுக்கு?" என்றார் முதலாளி பிளாசிட் ஸ்ட்ரேபல். "கந்தகம் எரியறப்ப உள்ள போறவன் இருமியே செத்துடுவான்." ஸ்ட்ரேபல் எங்கள் ஊரின் முதலாளி மட்டுமல்ல, ஊர்த்தலைவரும் அவர்தான், கோவில் பாடகர் குழுவின் முதல் குரலும் அவர்தான். மற்ற பதவிகளுக்கு ஊரில் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

"நேத்து சாயங்காலம் இங்க யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. எங்க அம்மாவோட வருஷத் திவசப் பூசை. எல்லாரும் கோவில்ல. என்கிட்ட வேலை செய்யறவங்க அத்தனை பேரும் முழு அலங்காரத்துல வந்தாங்க."

"சந்தோஷமா வந்தாங்களா?"

"வராதவங்க பேரை எழுதி வைப்பேன்."

அம்மா தலையாட்டினார். "ரோஜாவை எப்படிச் செய்யறதுங்கற வரைபடம் எங்க இருந்துச்சு?"

"பக்கத்து அறையில, மேசை மேல. சாவி கதவுலயே இருந்துச்சு. அதை யாரும் தொடல. நோட்டர் அம்மா, யாரு எடுத்தாங்கறது எனக்குத் தெரியும். எப்படி எடுத்தாங்கறதை மட்டும் நீங்க சொன்னாப் போதும். பிளோனிதான். கடைசியா ரோஜாவைத் தொங்கவிட்டவ அவ. கோவிலுக்குக் கடைசியா வந்தவளும் அவ. எதிர்க் கம்பெனிக்காரன் அவளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

பிளோனியைக் கூப்பிட்டுவிட்டார். இருபத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த பெண். ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது. பல்வலிக்கான புனிதையின் பெயரை வைத்தும் பல்வலி வந்திருக்கிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"ரோஜா எங்கடி?" என்றார் ஸ்ட்ரேபல்.

பிளோனி அவரைப் பார்த்தாள். பேசவில்லை.

"ஒத்துக்கோ. இல்லேன்னா இந்தப் பள்ளத்தாக்குல ஒரு கம்பெனியும் உனக்கு ஒரு தாள் வைக்கோல் தராது. நான் பாத்துக்கறேன்."

தலையை இடமும் வலமும் ஆட்டினாள். உதடு பிரியவில்லை. பிறகு யாரும் போகச் சொல்லாமலே திரும்பி நடந்துபோய் மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

"பாத்தீங்களா? பதில் இல்ல!" ஸ்ட்ரேபல் எங்களை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஊர்ச் சபை கூடுது. அவ அநாதை. ஊர்க் காசுல வளர்ந்தவ. திருடியையும் ஊரே வெச்சுக் காப்பாத்த முடியாது. அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்துடலாம்னு இருக்கோம்."

எங்கள் ஊரில் சிறையைவிடப் பயங்கரமானது தர்மம். போன வருஷம் இரண்டு குடும்பங்களை இப்படித்தான் தர்மமாக ஏற்றி அனுப்பினார்கள். அதில் ஒரு குடும்பத்திடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு குடும்பத்திடமிருந்து வரவில்லை.

"பூசை முடியறவரைக்கும் டிக்கெட்டை எழுதாதீங்க," என்றார் நோட்டர் அம்மா.

வண்டியில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "பிளோனிதான்னு தோணுது அம்மா. குத்தமில்லாதவ கத்துவா. என் ஒத்திலியா உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னாலே கத்துவா."

"உன் பெண்டாட்டி எப்படி இருக்கா?"

"நேத்து ராத்திரியிலேர்ந்து இருமல். லிண்டன் பூக் கஷாயம் குடிச்சுக்கிட்டு மூலையில கிடக்கா. வீட்ல அப்படி ஒரு நிம்மதி."

அம்மா கொஞ்ச நேரம் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொண்ணு வாயில வைக்கோல் இருந்துச்சுய்யா," என்றார்.

"பல்வலி இல்லையா?"

"இதழ். ஈரமா இருந்தாத்தான் தாள் வளையும், உலர்ந்தா உடையும். காணாமப் போனது தெரிஞ்ச நிமிஷமே அவ வேற ரோஜா செய்ய ஆரம்பிச்சுட்டா. வாயைத் திறந்தா உலர்ந்துடும்."

"வேலையே போகுதுன்னு மிரட்டறப்பவுமா?"

"அப்பதான் இன்னும் கவனமா இருக்கணும். நீ யோசி. அவ எடுத்திருந்தா எதுக்கு உக்காந்து இன்னொண்ணு செய்யறா?"

யோசித்தேன். 

"அடுத்தது," என்றார் அம்மா. "எதிர்க் கம்பெனிக்கு விக்கறவ வரைபடத்தை எடுப்பா. மடிச்சு உள்பாவாடையில வெச்சுக்கலாம், நசுங்காது. ரோஜாவை எடுத்தவ அதைத் தொடல. மூச்சு முட்டுற அறைக்குள்ள போய்ப் பூவை எடுத்திருக்கா. ஏன்?"

"பூ பிடிக்குமோ என்னவோ."

"இன்னிக்குத்தான் வாய் தவறி ஒரு உண்மை சொல்லியிருக்க. இது விக்க எடுத்ததில்ல, பாக்க எடுத்தது. வைக்கோல் தெரிஞ்ச ஒருத்தி."

"ஊர்ல வைக்கோல் தெரியாத பொம்பளை யாரு?"

"அதான் கஷ்டம். ஆனா முழு அலங்காரத்துல போயிருக்கா. அதான் வசதி."

எனக்குப் புரிந்தது. முழு அலங்காரம் என்றால் எங்கள் பெண்கள் மார்க்கச்சையின் இரண்டு பக்கமும் வெள்ளிச் சங்கிலி தொங்கவிடுவார்கள். கந்தகப் புகை பட்டால் வெள்ளி கரியாகிவிடும்.

"கறுத்த சங்கிலி!" என்று கத்தினேன். குதிரை திரும்பிப் பார்த்தது.

"நாளைக்குப் பூசையில பாரு," என்றார் அம்மா. "நல்லாப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முழுவதும் நான் ஊர்ப் பெண்களின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடமை என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாதே. எங்கள் கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஆகவே நற்செய்தி வாசிக்கும்போதுகூட என் கழுத்து இடதுபுறம் திரும்பியிருந்தது. இருமுறை கொல்லன் கஸ்பாரின் மனைவி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்றாம் முறை கஸ்பார் என்னைப் பார்த்தான். பிரசங்கத்தில் சாமியார் கண்களால் செய்யும் பாவத்தைப் பற்றிப் பேசினார். அது முன்பே தயாரித்த பிரசங்கம்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பலன் ஒன்றுமில்லை. கந்தகம் புகையும் ஊரில் எல்லாச் சங்கிலியும் ஒரே நிறம்தான், கடுங்காப்பி நிறம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், ஊர்ப் புனிதர் திருவிழா, இந்த நாட்களுக்கு முன்னால் மட்டும் சுண்ணப்பொடி போட்டுத் தேய்ப்பார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு எவளாவது தேய்த்துக்கொண்டு வந்தால், யாரை மயக்க என்று குளத்தங்கரை வரைக்கும் பேச்சு போகும்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன். சதுக்கத்தில் கூட்டம் கலையாமல் பேசிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரேபல், சாமியார், இன்னும் இரண்டு சபைக்காரர்கள் முதலாளி வீட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிளோனி நடந்தாள்.

"கறுப்பு ஒண்ணுகூட இல்ல அம்மா. கஸ்பார் என்னை அடிக்கப்போறான். வேற ஒண்ணும் கிடைக்கல."

"நான் எங்கய்யா கறுப்பைத் தேடச் சொன்னேன்?"

"பின்ன?"

"கறுத்த சங்கிலியோட எவளாவது கோவிலுக்கு வருவாளா? சங்கிலி போடாம வந்தா, அடகு வெச்சிட்டியான்னு கேப்பாங்க. ரெண்டும் முடியாது. பின்ன என்ன செய்வா? தேய்ப்பா. தேய்ச்சா கந்தகக் கறையோட சேர்ந்து பழைய காப்பி நிறமும் போயிடும். பாதியில நிறுத்த வெள்ளிக்குத் தெரியாது." அம்மா பேரிக்காய்த் துண்டை எடுத்தார். வாயில் போடவில்லை. "நான் பளபளப்பைத் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"நான் பெண்கள் பக்கம் உக்காந்திருந்தேன். நுழைஞ்ச உடனே கிடைச்சுது."

"எனக்குத் தெரியலையே! நான் ஒருத்தி விடாமப் பாத்தேனே!"

"ஒருத்தியை விட்டுட்ட லியோன்ஸ்." அம்மாவின் குரல் இறங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. "இருபது வருஷமா எவளைப் பாக்காம விட்டியோ, அவளை."

திரும்பினேன். சதுக்கத்துத் தண்ணீர்த் தொட்டி அருகில் ஒத்திலியா தனியாக நின்றிருந்தாள். சால்வையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். ஓர் இருமல் வந்தது. கை வாய்க்குப் போனபோது சால்வை நழுவியது. ஈஸ்டர் காலை போலச் சங்கிலி மின்னியது.

வெள்ளிக்கிழமை திவசப் பூசையில் பாதியில் எழுந்து வெளியே போனது அவள்தான். இருமல் என்று சொன்னாள். இருமல் அதற்கப்புறம்தான் வந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 

"நீங்க முன்னாடியே..."

"நேத்து வண்டியிலயே சந்தேகம். நீ சொன்ன இருமல்தான்," என்றார் அம்மா. "போய்ப் பேசு. நான் போனா கோட்டு பேசற மாதிரி இருக்கும்."

போனேன். என்னைப் பார்த்ததும் ஒத்திலியா சால்வையை இழுத்து மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தானே விலக்கிவிட்டாள்.

"எங்கடி வெச்சிருக்க?"

"மாவுப் பெட்டிக்குப் பின்னால."

"ஏன்டி?"

"நூல் தெரியல லியோன்ஸ்." அவள் கண் கலங்கியது. "இருபது வருஷமா இந்த ஊர்ல ரோஜான்னா என் ரோஜா. என் ரோஜாவுலயும் பின்பக்கம் திருப்பினா நூல் தெரியும். அவ ரோஜாவுல தெரியல. கட்டே இல்லாம எப்படி நிக்குது? ராத்திரியில அதே நினைப்பு. உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். நீ நல்லாத் தூங்கிட்ட."

"அவகிட்டயே கேட்டிருக்கலாமே!"

"நானா? அவகிட்டயா?" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கோபம் வந்தது. "பாத்துட்டு விடியறதுக்குள்ள திருப்பித் தொங்கவிட்டுடலாம்னுதான் எடுத்தேன். ஒரே ஒரு இதழைப் பிரிச்சேன். எல்லாம் கழண்டுடுச்சு. கிண்ணத்துத் தண்ணியில நனைச்சு நனைச்சு அடுக்கிப் பாத்தேன். நிக்கவே மாட்டேங்குது."

"பிளோனியை அமெரிக்காவுக்கு அனுப்பறாங்க. தெரியுமா?"

"காலையிலதான் கேள்விப்பட்டேன். சொல்லிடணும்னு நினைச்சேன்." அவள் சால்வை நுனியை முறுக்கினாள். "வாய் வரல."

இருபது வருஷத்தில் அவளுக்கு வாய் வராமல் போனது அன்றுதான். அதைச் சொல்லி நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. பயந்து போயிருந்தாள், அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நோட்டர் அம்மா தொலைவில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பிடித்துக்கொண்டு போக வரவில்லை. அதனாலேயே தப்பிக்க முடியவில்லை.

"மாவுப் பெட்டியிலேர்ந்து எடுத்துக்கிட்டு வா," என்றேன். "நானும் வர்றேன்."

மாடியில் சபை ஒயினோடு நடந்துகொண்டிருந்தது. கதவோரத்தில் பிளோனி நின்றிருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. அம்மா முன்னால் போனார், பின்னால் ஒத்திலியா, கடைசியில் நான்.

ஒத்திலியா கொண்டுவந்த ஏப்ரன் துணியை மேசையில் விரித்தாள். இதழ்கள் குவியலாகக் கிடந்தன. "நான் எடுத்தேன்," என்றாள். "பிளோனி இல்ல. நான்." மேலே இன்னும் என்னென்னவோ சொன்னாள். திவசப் பூசை, மூக்கில் கட்டிய ஈரத்துணி, மாவுப் பெட்டி எல்லாம் வந்தன. யாரும் கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஸ்ட்ரேபல் எழுந்து நின்றார். "ஒத்திலியா, இனிமே என் வைக்கோல் உன் வீட்டு வாசலைத் தாண்டாது. லியோன்ஸ், நீ கொண்டுபோகக் கூடாது."

"சரிங்க," என்றேன். நியாயமான பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை.

அதற்குள் பிளோனி மேசைக்கு வந்துவிட்டாள். இதழ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உடையவில்லை, வெளுப்பும் கெடவில்லை. முந்தின நாளிலிருந்து அவள் புதிதாகச் செய்துகொண்டிருந்தவை இன்னும் வெளுக்கப்படவே இல்லை, ஒரு ராத்திரி வெளுப்பு போதாது என்பதால் திங்களுக்குள் வெளுக்கவும் முடியாது. இவை தயாராக இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயிலிருந்த பழைய இதழ்களைத் துப்பிவிட்டு, இவற்றில் நான்கைந்தை எடுத்து வாயில் வைத்தாள். கொஞ்சம் பொறுத்து ஒன்றை நாக்கின் மேலிருந்து எடுத்து, இன்னொன்றின் மேல் அழுத்தினாள். அது ஒட்டிக்கொண்டு நின்றது.

"வாயிலயா!" என்று கத்தினாள் ஒத்திலியா. "தண்ணியில இல்லையா? வாய்ச் சூட்டுலயா!"

ஸ்ட்ரேபலின் முகம் மலர்ந்தது. பாரிஸ் வியாபாரி அவர் கண்ணில் மறுபடி தபால் வண்டியிலிருந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேலை பாவம் என்பதால் சாமியார் பக்கம் ஒருமுறை பார்த்தார். சாமியார் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சு," என்றார் ஸ்ட்ரேபல். "அப்ப அந்தக் கப்பல் பேச்சு முடிஞ்சுது. எல்லாரும் இன்னொரு கிளாஸ் எடுத்துக்கங்க."

பிளோனி இதழ்களை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"எந்தக் கப்பல்?"

அவள் குரலை அன்றுதான் நான் சரியாகக் கேட்டேன். கனமான குரல். சபைக்காரர்கள் மேசை விரிப்பில் எதையோ தேடினார்கள். அவளை நிற்கவைத்துக்கொண்டே அவளைக் கப்பலேற்ற வந்தவர்கள், அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பறதா இருந்தாங்க," என்றாள் ஒத்திலியா. "திருடின்னு. ஊர்ச் செலவுல. டிக்கெட் எழுத வேண்டியதுதான் பாக்கி. என்னாலதான்."

 பிளோனி ஸ்ட்ரேபலைப் பார்த்தாள்.

"ஜன்னலைத் திறங்க."

"என்னது?"

"கீழ ஊரே நிக்குது. நான் எடுக்கலைன்னு சொல்லுங்க."

"அதுக்கென்னம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை முறைப்படி அறிவிச்சு..."

"இதழ் உலருது," என்றாள் பிளோனி.

அவள் அவசரப்படவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஓர் இதழின் ஓரம் மெல்லச் சுருண்டது. ஸ்ட்ரேபல் அதைப் பார்த்தார், பிளோனியைப் பார்த்தார், நோட்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா பேரிக்காய் தின்றுகொண்டிருந்தார். இதழ் படக்கென்று கீறிக்கொண்டது.

ஸ்ட்ரேபல் ஜன்னலுக்குப் போனார். "ரோஜாவை அப்பொலோனியா எடுக்கல!" என்றார். சதுக்கம் நிமிர்ந்து பார்த்தது. "நான்தான் தப்பா சொல்லிட்டேன்!"

"கோவில் படியில நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றார் நோட்டர் அம்மா.

பாடகர் குழுவின் முதல் குரல் அடிவயிற்றிலிருந்து மறுபடி வந்தது. இந்த முறை அடுத்த ஊரான பிரெம்கார்ட்டன் வரைக்கும் கேட்டிருக்கும். கீழே யாரோ கைதட்டினார்கள். ஸ்ட்ரேபல் ஜன்னலைச் சாத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒத்திலியா ஏப்ரன் துணியைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பிளோனி காலால் பக்கத்து நாற்காலியை வெளியே தள்ளினாள்.

"உக்காருங்க அக்கா."

ஒத்திலியா நின்றாள்.

"நான் உங்களை மன்னிக்கல," என்றாள் பிளோனி. "ஆனா நாளைக்குள்ள முடியணும்னா ரெண்டு வாய் வேணும்."

ஒத்திலியா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போய் உட்கார்ந்து, நற்கருணை வாங்கும்போது திறப்பதுபோல் வாயைத் திறந்தாள். பிளோனி ஓர் இதழை எடுத்து அவள் நாக்கில் வைத்தாள்.